ச. இருளப்பன்

ஜனவரி 3, புதன்

இதை யாராவது படித்தால் என் கையெழுத்தைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். கோடு போட்ட நோட்டுத்தான். ஆனாலும் ஒரு எழுத்து மேட்டில் நிற்கிறது, அடுத்தது பள்ளத்தில் கிடக்கிறது. ஐம்பது வருடம் தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டிய கை இது. பேனாவையும் கத்தி மாதிரிதான் பிடிக்கிறது. அழுத்தி அழுத்தித் தாளில் ஓட்டை விழுகிறது. ஒரு பக்கம் எழுதி முடிப்பதற்குள் வியர்த்துவிடுகிறது.

எனக்கு வயது எண்பத்துநான்கு. போன ஆடி வரை ரேகை வைத்துக்கொண்டிருந்தேன். ஜெசிந்தா டீச்சர் வால்பாறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எங்கள் எஸ்டேட்டில் கிழவன் கிழவிகளுக்கு மாலையில் எழுத்துச் சொல்லிக்கொடுக்கிறார். “தினமும் நடந்ததை எழுதுங்க பெரியவரே. நான் படிக்க மாட்டேன், திருத்த மாட்டேன்” என்றார்.

நான் முதலில் கற்றது என் பெயரை. ச. இருளப்பன். ‘ச’ என்பது என் அப்பா சடையன். இருளப்பன் என்பது அவருடைய அப்பாவின் பெயர். தலைப்பிள்ளைக்குத் தாத்தா பெயர் வைப்பது எங்கள் வழக்கம். இத்தனை பேர் இவ்வளவு சின்ன இடத்தில் நிற்கிறார்களே என்று எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அன்றைக்குக் கதவு, சுவர், அரிசி டப்பா எல்லாவற்றிலும் கரியால் எழுதினேன். “யப்பா, அரிசி டப்பாவாவது எம்பேர்ல இருக்கட்டும்” என்றாள் என் மகள் அன்னக்கிளி.

ஒரு கோபம் மட்டும் இருக்கிறது. எஸ்டேட்டில் அந்தக் காலத்திலேயே பள்ளிக்கூடம் இருந்தது. என் வயதுப் பையன்கள் ஐந்தாறு பேர் போனார்கள். அப்பா என்னை விடவில்லை. அழுதால், கத்தியைத் தீட்டிக்கொண்டே, “படிச்சவன மலைய விட்டு எறக்கிருவாங்கடா” என்பார். பள்ளிக்கூடத்துப் பக்கம் போகும் பாதையில்கூட என்னைக் கூட்டிப் போக மாட்டார். எழுபத்தைந்து வருடத்தைத் தின்றுவிட்டார் மனிதர். எழுத்து கற்ற பிறகுதான் அந்தக் கோபம் அதிகமாகிவிட்டது.

ஜனவரி 4, வியாழன்

மூடுபனி. ‘ண’ ஒரு பக்கம், ‘ன’ ஒரு பக்கம். மூன்று சுழி போடுவதற்குள் டீ ஆறிவிட்டது.

ஜனவரி 7, ஞாயிறு

டீச்சர் ஒரு வெள்ளைக்காரியைக் கூட்டிவந்தார். பெயர் ஐலீன். அறுபது, அறுபத்தைந்து வயது இருக்கும். ஸ்காட்லாந்து என்ற தேசமாம். காலில் பெரிய பூட்ஸ். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து என் கண்களையே பார்த்தாள். எனக்கு அப்போதே பிடிக்கவில்லை.

மடித்த தாளை விரித்தாள். குடும்ப மரம் என்றார் டீச்சர். கிளையும் இல்லை, இலையும் இல்லை. கட்டம் கட்டமாக இருந்தது, நடுவில் கோடுகள்.

“இந்தக் கட்டத்துல இருக்கிறவர் நார்மன் மக்ரே. இந்த எஸ்டேட்ல துரையா இருந்தவர். இவங்க அப்பாவைப் பெத்த பாட்டியோட தம்பின்னு இவங்க குடும்பத்துல சொல்லுவாங்களாம். சாகும்போது, மலையில ஒரு பையனை விட்டுட்டு வந்துட்டேன்னு சொல்லியிருக்கார்.”

“அதுக்கு?”

டீச்சர் தயங்கினார். “ஆபீஸ் பக்கம் விசாரிச்சிருக்காங்க. எல்லாரும் உங்க வீட்டைக் கைகாட்டினாங்களாம்.”

துரையின் கட்டத்துக்குப் பக்கத்தில் ஒரு கட்டம். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டேன். டீச்சர் கண்ணாடியைத் துடைத்தார். “பெயர் தெரியாத தோட்டத்துப் பெண்ணுன்னு போட்டிருக்கு.” அதற்குக் கீழே இன்னொரு கட்டம். அதை யாரும் எனக்குப் படித்துக்காட்ட வேண்டியதில்லை. காது மாதிரி வளைந்து, கீழே ஒரு புள்ளி. கேள்விக்குறியைப் போன வாரம்தான் படித்தேன். அந்தக் கேள்விக்குறி நான்.

“எங்கம்மா பேரு மூக்காயி. எங்கப்பா பேரு சடையன். ரெண்டு பேரும் இந்த மண்ணுலதான் கெடக்காங்க. எந்திரிச்சுப் போகச் சொல்லுங்க டீச்சர்.”

அவள் போகவில்லை. பையிலிருந்து ஒரு கண்ணாடிக் குழாயை எடுத்தாள். அதில் நான் எச்சில் துப்ப வேண்டுமாம். அனுப்பினால் யாருக்கு யார் என்று சொல்லிவிடுவார்களாம்.

துப்புவதற்குக் குழாய் எதற்கு, அந்தத் தாள் போதும் என்றேன். டீச்சர் இதை மட்டும் மொழிபெயர்க்கவில்லை.

ஜனவரி 8, திங்கள்

மறுபடியும் வந்தாள். துப்புவதற்கு முன் அரை மணி நேரம் வாயில் ஒன்றும் போடக்கூடாது என்பது விதியாம். நல்ல விதி. அவள் கைக்கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்ததும் நான் வெற்றிலையை எடுத்துச் சுண்ணாம்பு தடவினேன். மென்று துப்பி முடிந்ததும் அவள் மறுபடி கடிகாரத்தைப் பார்த்தாள். நான் மறுபடி பாக்கை வெட்டினேன். இப்படியே மதியம் ஆகிவிட்டது.

போகும்போது டீச்சரிடம் ஏதோ சொன்னாள். “தினமும் வருவாங்களாம்” என்றார் டீச்சர். வரட்டும். மார்க்கெட்டில் வெற்றிலைக்குப் பஞ்சமில்லை.

ஜனவரி 10, புதன்

எஸ்டேட் முழுக்கப் பரவிவிட்டது. ரேஷன் கடை வாசலில் சங்கிலி உட்கார்ந்திருந்தான். என்னைவிட நாலைந்து வயது மூத்தவன். ஒன்றாக வேலை பார்த்தோம். பல் ஒன்றுகூட இல்லை, நாக்கு மட்டும் அப்படியே இருக்கிறது.

“என்ன தொரைவாள், சீமைக்கு எப்பப் பயணம்? எனக்கு ஒரு தொப்பி வாங்கியாந்துரு.”

“ஒந்தலைக்குத் தொப்பி எதுக்குடா, சட்டியக் கவுத்துக்க.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எனக்குக் கோபம் இல்லை. சர்க்கரை வாங்கத்தான் மறந்துவிட்டேன்.

எல்லோரும் என் கண்ணைச் சொல்கிறார்கள். அம்மாவின் ஊரில் பூனைக்கண் உள்ளவர்கள் இருந்தார்கள். நான் பார்த்ததில்லை, இருந்திருப்பார்கள். தலைமுடி செம்பட்டையாக இருந்தது என்கிறார்கள். அது யாருக்குத் தெரியும்? அப்பா மாதாமாதம் எனக்கு மொட்டை அடித்துவிடுவார், மாடசாமிக்கு நேர்த்திக்கடன் என்று. மாதாமாதம் கேட்கிற சாமி அது. அம்மா கல்யாணத்துக்கு முன்னால் கொஞ்ச நாள் பங்களாவில் துணி துவைத்தார். கொஞ்ச நாள்தான். அப்புறம் சாகும்வரை பங்களாச் சாலையில் கால் வைத்ததில்லை. கொழுந்து மூட்டையோடு அட்டைக்காட்டுக் குறுக்குப் பாதையில்தான் போவார். காலெல்லாம் ரத்தம் வழியும். குறுக்குப் பாதை தூரம் குறைவு என்பார். தூரம் அதிகம்.

அப்பா அடிக்கிறவர் இல்லை. ஒரு முறை, எனக்கு ஏழு வயது இருக்கும்போது, வேலைக்கே போகாமல் என்னைச் சோலைக்காட்டுக்குள் கூட்டிப்போனார். அங்கேயே வாழ்கிற காடர்களின் குடிசைக்குப் பக்கத்தில் தங்கினோம். கிழங்கு சுட்டுக் கொடுத்தார், கொம்புத்தேன் எடுத்துக் கொடுத்தார். எனக்கு வாய்த்த ஒரே லீவு அதுதான். திரும்பி வந்தபிறகு மரத்திலிருந்து விழுந்து அவருக்கு இடதுகால் முடமாகிவிட்டது. அந்தக் காலோடுதான் கடைசிவரை மேட்டில் ஏறினார்.

இவரைத்தான் ஒரு குழாய் எச்சிலில் கரைக்கப் பார்க்கிறாள்.

ஜனவரி 12, வெள்ளி

அன்னக்கிளி கொழுந்து பறித்துவிட்டு வந்து விரல்களில் சுற்றியிருந்த துணியை அவிழ்த்துக்கொண்டே கேட்டாள்.

“துப்பித்தான் தொலையேன். யாரா இருந்தா என்ன? நீ எனக்கு அப்பன்.”

“நான் ஒனக்கு அப்பன். அவரு எனக்கு அப்பனா இல்லையான்னுதான் அந்தக் குழா கேக்குது.”

“இல்லன்னு சொல்லிட்டா மட்டும் சடையன் தாத்தா எந்திரிச்சுப் போயிருவாரா?”

“‘ச’ போயிரும்ல.”

அவள் சுவரில் நான் கரியால் எழுதியதைப் பார்த்தாள். பிறகு அடுப்பைப் பற்றவைத்தாள்.

எனக்கு இருப்பது ஒரு எழுத்து. அதை எண்பத்துநான்கு வயதில் எடுத்தேன். கொடுக்க மாட்டேன்.

ஜனவரி 15, திங்கள். பொங்கல்

வெள்ளைக்காரி வந்துவிட்டாள், டீச்சரோடு. பண்டிகை நாளில் வந்தவரை வெளியே நிறுத்தக்கூடாது என்று அன்னக்கிளி சர்க்கரைப் பொங்கலை இலையில் வைத்தாள். ஐலீன் கையால் எடுத்துத் தின்றாள், வாயெல்லாம் நெய்.

தின்று முடிக்கட்டும் என்று காத்திருந்தேன். பிறகு அந்தத் தாளை விரிக்கச் சொன்னேன்.

“டீச்சர், கேளுங்க. எங்கம்மா கட்டத்துல பேரு தெரியாதுன்னு எழுதியிருக்கா. சரி. இவ துரைக்கு அப்பன் யாரு? மேல இருக்கிற கட்டத்துல மட்டும் ஏன் பென்சில்ல எழுதியிருக்கு? மத்ததெல்லாம் மையில இருக்கே?”

டீச்சர் கேட்டார். ஐலீன் முகம் சிவந்தது. கையைத் துடைத்தாள். துடைத்த கையை மறுபடி துடைத்தாள். அப்புறம் மெதுவாகச் சொல்ல ஆரம்பித்தாள். டீச்சர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

“எங்க ஊர்லயும் மூத்த பையனுக்கு அப்பாவோட அப்பா பேரைத்தான் வைப்பாங்க. நார்மன்கிறது எங்க பாட்டியோட அப்பா பேரு. அந்த வீட்டுல கடைசியாப் பிறந்த பையனுக்கு ஏன் வீட்டுப் பெரியவர் பேரையே வச்சாங்கன்னு எனக்குச் சந்தேகம். அதனால பிறப்புப் பதிவைத் தேடினேன். அவர் பாட்டியோட தம்பி இல்லை. பாட்டியோட மகன். கல்யாணத்துக்கு முன்னால பிறந்தவர். ஊர் வாய்க்குப் பயந்து, பாட்டியோட அம்மாவே தன் பிள்ளைன்னு வளர்த்திருக்காங்க. அப்பா பேர் எழுதற இடம் காலியா இருக்கு.”

போனில் அந்தப் பதிவின் படத்தைக் காட்டினாள். பிள்ளையின் பெயருக்குக் கீழே ஒரு சொல். முறையில்லாமல் பிறந்தது என்று அர்த்தமாம். பிறந்த அன்றே எழுதிவிடுவார்களா என்று கேட்டேன். அங்கே அந்தக் காலத்தில் அதுதான் வழக்கமாம்.

அவளுடைய பாட்டி பெயர் கிர்ஸ்டி. கடலுக்குள் இருக்கும் ஒரு தீவில் பிறந்தவள். முன்பணம் கொடுத்து ஆள் பிடிப்பவன் ஒருவன் அவளையும் அவள் வயதுப் பெண்களையும் ஊர் ஊராகக் கூட்டிப்போய் மீன் அறுக்கும் வேலைக்கு விட்டிருக்கிறான். எனக்கு எங்கள் கங்காணிகள் ஞாபகம் வந்தது. ஒரு பழைய போட்டோவில் பெண்கள் வரிசையாக நின்றார்கள். கத்தி படாமல் இருக்க ஒவ்வொரு விரலிலும் துணி சுற்றியிருந்தார்கள். அன்னக்கிளி எட்டிப் பார்த்துவிட்டுத் தன் விரல்களை நீட்டினாள். ஐலீன் அந்த விரல்களைப் பிடித்துக்கொண்டாள்.

பதிவின் அடியில் ஒரு பெருக்கல் குறி இருந்தது.

“இது என்ன டீச்சர், கணக்கா?”

“அந்தப் பொண்ணோட கையெழுத்து. எழுதத் தெரியாது. குறி போட்டிருக்கா.”

நான் ரொம்ப நேரம் பார்த்தேன். ஒரு கோடு நீளம், ஒரு கோடு குட்டை. அழுத்திப் போட்டிருக்கிறாள்.

“இதை ஏன் இவ மொத நாளே சொல்லல?”

டீச்சர் கேட்டுவிட்டுச் சொன்னார். “வெக்கமா இருந்துச்சாம்.”

எங்கள் வீட்டுப் பெட்டியைத் திறக்க அத்தனை தூரம் பறந்து வந்தவளுக்குத் தன் வீட்டுப் பெட்டியைக் காட்ட வெட்கம். ஆனால் இன்னொன்று கேட்காமல் இருக்க முடியவில்லை.

“அந்தத் துரைக்கு இது தெரியுமா?”

தெரியுமாம். வயதான பிறகு ஊருக்குப் போய்க் கல்யாணம் செய்திருக்கிறான். அந்தக் கல்யாணப் பதிவில் தாய் பெயர் கேட்டதற்குக் கிர்ஸ்டி என்றே சொல்லியிருக்கிறான். அப்பா பெயருக்குக் கோடு போட்டிருக்கிறான்.

ஜனவரி 16, செவ்வாய்

எழுத உட்கார்ந்தேன். தாள் கிழிந்துவிட்டது. இது வேறு தாள்.

ஜனவரி 17, புதன்

தெரிந்திருக்கிறது அவனுக்கு.

தாத்தாவை அப்பன் என்று சொல்லிக்கொண்டு பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்திருப்பான். ஊர்ப் பையன்கள் கேட்டிருப்பார்கள். தாயை அக்கா என்று கூப்பிட்டுத் திரிந்திருப்பான். அதெல்லாம் எப்படி வலிக்கும் என்று தெரிந்தவன், கப்பல் ஏறி, மலை ஏறி, துணி துவைக்க வந்த ஒரு பெண்ணிடம் அதையே செய்துவிட்டுப் போயிருக்கிறான். தெரியாதவன் செய்திருந்தால் திட்டிவிட்டு விட்டிருப்பேன்.

செய்திருந்தால் என்று எழுதுகிறேன். செய்தான் என்று நான் ஒப்புக்கொள்ளவில்லை.

கோபத்தில் வீட்டில் இருக்க முடியாமல் சங்கிலியிடம் போனேன். வெயிலில் உட்கார்ந்து முதுகைச் சொறிந்துகொண்டிருந்தான்.

“வாங்க தொரைவாள்.”

“மூடு வாய. ஒண்ணு கேக்கறேன், கிண்டல் பண்ணாமச் சொல்லு. துரை ஊருக்குப் போனப்ப நீ பெரிய பையன். என்ன நடந்துச்சு?”

அவன் முகம் மாறியது. என்னைப் பார்க்காமல் மலையைப் பார்த்துப் பேசினான்.

“ஒனக்குத் தெரியும்னுல்ல இத்தன வருசமா நெனச்சிட்டிருக்கேன். துரைமாருக்கு இங்க பொறந்த பிள்ளைகளச் சேக்கற ஹோம் ஒண்ணு ஊட்டிப் பக்கம் இருந்துச்சு. படிக்கவச்சு, வெள்ளக்காரப் பேரு வச்சு, எங்கயோ அனுப்பிருவாங்க. துரை கப்பலேறும் முன்ன ஒன்ன அங்க சேக்கச் சொல்லி, நம்மள வேல வாங்கற எஸ்டேட்டுக் கண்டக்டர்கிட்டச் சொல்லிட்டான். அவன் ஆளுக நம்ம லைன் வீட்டுக்கு வந்தாங்க. ஒங்கப்பன் ஒன்னத் தூக்கிக்கிட்டுச் சோலைக்குள்ள போயிட்டான்.”

“கிழங்கு சுட்டுக் குடுத்தாரு.”

“சுட்டிருப்பான். ஒங்கம்மாள மொறச்சு மொறச்சுக் கேட்டாங்க, வாயத் தொறக்கல. துரை போன பொறவுதான் ஒங்கப்பன் வெளிய வந்தான். அன்னிக்கு ராவே கண்டக்டர் ஆளுக கால ஒடிச்சுட்டாங்க.”

“மரத்துல இருந்து விழுந்தாரு.”

சங்கிலி என்னைத் திரும்பிப் பார்த்தான். “ஆமா. மரந்தான்” என்றான்.

பிறகு அவனே சொன்னான். “பள்ளிக்கூடத்துல சேத்தா பேரு ஆபீஸ் ரிஜிஸ்டர்ல ஏறிரும்ல. பேரு தெரிஞ்சா மறுபடி வந்துருவாங்கன்னு பயம் அவனுக்கு. சாகறவரைக்கும் பயந்தான்.”

வழியில் பள்ளிக்கூடத்து மதில் பக்கம் நின்றேன். படித்தவனை மலையை விட்டு இறக்கிவிடுவார்கள் என்று அவர் சொன்னதை இத்தனை வருடம் முட்டாள்தனம் என்று நினைத்திருந்தேன். எனக்கு எழுத்து வராமல் போனதால்தான் நான் இந்த மலையில் இருந்தேன். அவருக்கு மகனாக இருந்தேன்.

சங்கிலி மேலும் கோபம். எழுபது வருடம் வெளியே விட வேண்டியதை உள்ளே வைத்துக்கொண்டு, உள்ளே வைக்க வேண்டியதை வெளியே விட்டிருக்கிறான்.

ஜனவரி 19, வெள்ளி

காலையில் வேப்பங்குச்சியால் பல் விளக்கி, வாயை நாலு முறை கொப்பளித்து, வெற்றிலைப் பெட்டியை அன்னக்கிளியிடம் கொடுத்துவிட்டேன். ஐலீன் வந்ததும் என் வாயைத்தான் பார்த்தாள். திறந்து காட்டினேன். கடிகாரத்தைப் பார்த்து உட்கார்ந்தோம். வெற்றிலை இல்லாமல் அரை மணி நேரம் எவ்வளவு பெரியது.

அந்த நேரத்தில் வேலையை முடித்தேன். தாளை வாங்கினேன். பெயர் தெரியாத பெண் என்று இருந்ததைக் குறுக்கே அடித்தேன். மேலே என் கையால் ‘மூக்காயி’ என்று எழுதினேன். ‘கா’ கட்டத்துக்குள் நின்றது, ‘யி’ வெளியே போய்விட்டது. இருக்கட்டும், அம்மாவும் கட்டத்துக்குள் நிற்கிற ஆள் இல்லை. அம்மா கட்டத்துக்கு மறுபக்கம் புதிதாக ஒரு கட்டம் போட்டேன். கோணலாக வந்தது. அதில் ‘சடையன்’. கேள்விக்குறியை அடித்துவிட்டு ‘ச. இருளப்பன்’ என்று எழுதினேன். சடையனிலிருந்து எனக்கு ஒரு கோடு இழுத்தேன், மையால், தாள் கிழியும் அளவுக்கு.

“துரையில இருந்து கோடு?” என்று டீச்சர் மூலமாகக் கேட்டாள்.

“குழா சொன்னதுக்கு அப்புறம் போட்டுக்கட்டும். பென்சில்ல.”

டீச்சர் சிரித்துவிட்டார். ஐலீன் சிரிக்கவில்லை. பையிலிருந்து பென்சிலை எடுத்து ஓரமாக வைத்துக்கொண்டாள்.

“டீச்சர், இதையும் சொல்லுங்க. நான் துப்பறது அந்த நார்மனுக்காக இல்ல. குறி போட்டாளே, அந்தப் பிள்ளைக்காக. அவ வயித்துல பொறந்தவனோட வழியில யாராவது இருக்கமான்னு அவளாவது தெரிஞ்சுக்கட்டும். எச்சி இவங்களுக்கு. இனிஷியல் எனக்கு.”

டீச்சர் முழுவதையும் மொழிபெயர்த்தார். பிறகு துப்பினேன். குழாய் நிறைய நேரமெடுத்தது. வயதானவன் வாயில் ஈரம் எங்கே இருக்கிறது.

இனிமேல் ரேகை வைப்பதில்லை என்று ஆடியில் டீச்சரிடம் சத்தியம் செய்திருந்தேன். இன்று ஒரே ஒரு முறை மீறினேன். அன்னக்கிளியின் கண்மை டப்பாவை எடுத்து, தாளில் கிர்ஸ்டி பெயர் எது என்று கேட்டு, அதன் பக்கத்தில் கட்டைவிரலை அழுத்தினேன்.

போகும்போது டீச்சர் என் காதில், “உங்க முறைக்குப் பார்த்தா சித்தப்பா மகள். தங்கச்சி ஆகுது” என்றார். பொங்கலுக்குத் தங்கச்சிக்குச் சீர் கொடுக்க வேண்டும் என்று நினைத்திருப்பார். நான் சீர் எதுவும் கொடுக்கவில்லை. வீட்டில் இருந்த கரும்பில் இரண்டு கழி நல்லதாகப் பார்த்துக் கொடுத்தேன். வண்டியில் எடுத்துப் போக வசதியாக அன்னக்கிளி கட்டிக் கொடுத்தாள். கரும்பு சீர் ஆகாது.

ஜனவரி 21, ஞாயிறு

ஐலீன் நேற்று மலை இறங்கிவிட்டாள். முடிவு வர ஒன்றரை மாதம் ஆகுமாம். வரட்டும், வராமல் போகட்டும்.

நார்மன் மக்ரே மேல் எனக்குக் கோபம் ஆறவில்லை. ஆற வேண்டியதும் இல்லை. அப்பா மேலும் கொஞ்சம் இருக்கிறது. செத்துப்போவதற்கு முன்னால் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எத்தனை முறை அந்த முடக்காலைக் கேலி செய்திருக்கிறேன். சிரித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார்.

சுவரில் கரி அழிய ஆரம்பித்திருந்தது. அன்னக்கிளி பெயின்ட் வாங்கி வந்திருக்கிறாள். “எழுதறதுன்னா ஒழுங்கா எழுது, பெருசா எழுது” என்றாள். ‘ச’வை என் உயரத்துக்கு எழுதினேன்.

சோலைக்குள் இருந்த நாட்களை எழுத வேண்டும். கிழங்கு, தேன், இரவில் அவர் தூங்காமல் உட்கார்ந்திருந்தது எல்லாம். அப்போது யானைக்காகக் காவல் இருக்கிறார் என்று நினைத்தேன். இப்போது கை வலிக்கிறது, பேனாவிலும் மை இல்லை. ‘சோலை’யில் வருகிற ‘லை’ எனக்கு இன்னும் கோணிக்கொள்கிறது. ஒரு வாரம் பழகினால் வந்துவிடும். வரும் ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து அதை எழுதுகிறேன்.